கம்பி போகும் வழி: சாள்ஸ் மேர்ஸ் என்ற மனிதர்

லண்டனுக்கு வெளியே கென்ற் பகுதியில் அப்பிள் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்கார முதியவருக்கு நாங்கள் பல வருடங்களாக ஆண்டுக் கணக்கு முடித்துக் கொடுத்து வந்தோம். அவருடைய வரவுப் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு சிறிய தொகை வரும். இரண்டு பேர் ஒரு நேரம் வெளியில் சாப்பிட்டால் முடிந்துவிடக்கூடிய காசு. அதற்கு எதிரே வேலீவ் என்று எழுதியிருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி படித்து, இங்கே வந்து மீண்டும் சோதனைகள் எழுதிக் கணக்காளரான எங்களுக்கு அந்தச் சொல் முதலில் விளங்கவில்லை. கேட்டபோது முதியவர் பழைய பெட்டியொன்றைத் திறந்து கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். 1930களில் அவருடைய தகப்பனாருக்கு வந்த கடிதம் அது. உங்கள் தோட்டத்துக்கு மேலால் மின்கம்பி கொண்டுபோக வேண்டியிருக்கிறது, இரண்டு கோபுரங்கள் நிறுத்த வேண்டும், அதற்கு வருடாவருடம் இவ்வளவு தருவோம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். தகப்பனார் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருந்தார்.

எங்கள் வளவு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990இல் அதை விட்டு வெளியேறியபோது யாரும் எங்களிடம் கடிதம் எழுதிக் கேட்கவில்லை. அதனாலோ என்னவோ, அந்தக் கிழவரின் மஞ்சள் பூத்த கடிதம் மனதில் தங்கிவிட்டது. ஒரு தேசம் முழுவதற்கும் கம்பி இழுக்கிறவர்கள் ஒரு அப்பிள் தோட்டக்காரனுக்குக் கடிதம் எழுதும் வழக்கம் எப்படி வந்தது, அந்தக் கம்பியின் வழியை யார் வகுத்தார்கள் என்று தேடத் தொடங்கினோம். தேடல் சாள்ஸ் மேர்ஸ் என்ற பொறியியலாளரிடம் கொண்டுபோய் விட்டது.

மேர்ஸ் 1874 ஒக்ரோபர் 5ஆம் திகதி இங்கிலாந்தின் வடகிழக்கில், ரைன் ஆற்றங்கரையில் உள்ள கேற்ஸ்கெட் நகரில் பிறந்தார். தகப்பனார் ஜோன் தியடோர் மேர்ஸ் யேர்மன் வழிவந்தவர், யேர்மனியிலேயே படித்தவர். இரசாயனத் தொழில் செய்தார். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சிந்தனை வரலாற்றை நான்கு பெரிய தொகுதிகளாக எழுதியவரும் அவர்தான். நியூகாசில் நகரில் மின்சாரக் கம்பனி ஒன்றை 1889இல் தொடங்கியவர்களிலும் அவர் முக்கியமானவர். தாயார் குவேக்கர் குடும்பம். தாய்மாமன் விகாம் றிச்சட்சன் கப்பல் கட்டும் தளம் வைத்திருந்தார். மின்சாரம் தகப்பன் வழியாலும் அதை வாங்கப்போகிறவர்கள் மாமன் வழியாலும் வந்தார்கள் என்று சொல்லலாம். எங்கள் ஊரில் இதைப் பின்கதவு என்பார்கள். ஆனால் பின்கதவால் உள்ளே போனவர்கள் எல்லோரும் ஒரு தேசத்துக்கு வேலை செய்து முடிப்பதில்லை.

யோர்க் நகரில் குவேக்கர் பாடசாலை, பிறகு நியூகாசிலில் கல்லூரி, பிறகு மின் நிலையத்தில் தொழில் பழகல். 1898இல் அயர்லாந்தின் கோர்க் நகரில் மின்சார ட்ராம் வண்டியும் தெருவிளக்கும் அமைக்கும் வேலைக்குப் போனார். அங்கேதான் மக்லெலன் என்ற பொறியியலாளருடன் பழக்கம் ஏற்பட்டது. பின்னாளில் இருவர் பெயரிலும் மேர்ஸ் அன்ட் மக்லெலன் என்ற ஆலோசனை நிறுவனம் நடந்தது.

1901 யூன் 18ஆம் திகதி வோல்சென்டில் நெப்ரியூன் பாங்க் மின் நிலையத்தைக் கெல்வின் பிரபு திறந்து வைத்தார். மேர்ஸ் வடிவமைத்த நிலையம் அது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. மூன்று அவத்தை மின்சாரத்தை 5,500 வோல்ற்றில் உற்பத்தி செய்து பொதுவாகத் தொழிற்சாலைகளுக்கு விற்றதில் பிரித்தானியாவில் அதுவே முதலாவது. இதில் என்ன பெரிய விசயம் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் ஒரு நகரத்தின் மின் நிலையம் என்பது சந்தியில் இருக்கும் பேக்கரியைப் போன்றது. பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் போதுமான அளவுக்குச் சுட்டு விற்கும். கப்பல் தளங்களும் தொழிற்சாலைகளும் தங்கள் நீராவி இயந்திரங்களைத் தாங்களே வைத்திருந்தன. மேர்ஸ் ஒவ்வொரு தளமாகப் போய், உங்கள் இயந்திரத்தை நிறுத்துங்கள், நாங்கள் கம்பி வழியாகத் தருகிறோம், அது மலிவு என்று கதைத்தார். ஆற்றின் இரு பக்கமும் கதைத்தார். சுரங்கங்களுக்கும் ரயிலுக்கும் கம்பி போனது. 1904இல் ரைன்சைட் ரயில் பாதை மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. கோக் சூளைகளில் வீணாகிப் போன வெப்பத்தைக்கூடப் பிடித்து அதில் மின்சாரம் எடுத்தார்கள். முதலாம் உலகப் போருக்கு முன்னரே, ஒன்றாக இணைக்கப்பட்ட மின்வலையமைப்புகளில் ஐரோப்பாவிலேயே பெரியது அந்த வடகிழக்கு மூலையில்தான் இருந்தது.

இதன் கணக்கு எங்களுக்குப் பிடித்த பகுதி, ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறோம். லண்டனில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சனி ஞாயிறு மண்டபம் நிறைந்திருக்கும், செவ்வாய்க்கிழமை பூட்டிக் கிடக்கும், கடனுக்கு வட்டி மட்டும் ஏழு நாளும் ஓடும். மின் நிலையமும் அப்படித்தான். வீட்டு விளக்குக்கு மட்டும் விற்றால் மாலையில் சில மணிநேரம் வேலை, மிச்ச நேரம் சும்மா. தொழிற்சாலை பகலில் வாங்கும், ட்ராமும் ரயிலும் காலையும் மாலையும் வாங்கும், வீடு இரவில் வாங்கும். எல்லாரையும் ஒரே கம்பியில் சேர்த்தால் அதே இயந்திரம் நாள் முழுவதும் உழைக்கும். இரண்டாவது விசயம் மேலதிக இயந்திரம். பத்துக் கோயில்கள் தனித்தனியே திருவிழாவுக்கு ஜெனரேற்றர் ஒன்றை அவசரத்துக்கென்று வாங்கி வைத்தால் பத்து ஜெனரேற்றர். பத்துக்கும் இடையில் கம்பி இருந்தால் இரண்டு மூன்று போதும், ஏனென்றால் பத்தும் ஒரே நேரத்தில் பழுதாவதில்லை. மிச்சப்படும் ஜெனரேற்றர்களின் விலையைக் கம்பியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மின்கம்பியின் பாதை நிலத்தில் அளக்கப்படுவதற்கு முன்னர் இப்படிக் கணக்குப் புத்தகத்தில்தான் போடப்படுகிறது.

வடகிழக்கில் வென்ற இந்தக் கணக்கு லண்டனில் தோற்றது. 1905இல் லண்டன் முழுவதற்கும் பெரிய நிலையங்களில் இருந்து மின்சாரம் தரும் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்குப் போனது. குழுக்களின் முன் சாட்சி சொல்வதில் மேர்ஸ் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனாலும் சட்டமூலம் நிறைவேறவில்லை. ஒவ்வொரு நகரசபைக்கும் தன் மின் நிலையம், தன் புகைபோக்கி, தன் பற்றுச்சீட்டு. அதை விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாரில்லை. முதலாம் உலகப் போர் தொடங்கும் காலத்தில் லண்டனில் ஏறத்தாழ எழுபது மின் நிலையங்கள் இருந்தன. மின்சாரம் பத்து வேறு வேறு மீடிறன்களில் ஓடியது. ஒரு பகுதியில் வாங்கிய மோட்டரை அடுத்த பகுதிக்கு வீடு மாறும்போது கொண்டுபோக முடியாது. சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் என்று ஊருக்கு மூன்று வைத்திருக்கும் எங்களுக்கு இந்த நிலைமை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இடையில் அவர் வெளிநாடுகளிலும் வேலை செய்தார். மெல்பேர்ண் புறநகர் ரயில்களை மின்சாரத்துக்கு மாற்றலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அங்கே வாழும் எங்கள் சொந்தங்கள் வேலைக்குப் போகும் பாதைகள் அவை. தென்னாபிரிக்காவுக்கும் 1920இல் மின்சார அறிக்கை எழுதினார்கள். 1913இல் திருமணம் செய்தார். ஒரு மகள், ஒரு மகன்.

போர் பிரித்தானியருக்கு மின்சாரத்தின் அருமையைக் காட்டியது. எறிகணைத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் போதவில்லை. அடுத்தடுத்து நிலையங்கள் இருந்தும் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொடுக்க வழியில்லை. பிறகும் பல வருடங்கள் குழு, அறிக்கை, மறு குழு என்று போனது. கடைசியில் 1925இல் வெயர் பிரபு தலைமையில் அமைந்த சிறிய குழு மேர்ஸையும் இன்னும் சிலரையும் தொழில்நுட்ப ஆலோசனைக்கு அழைத்தது. நாட்டின் நல்ல நிலையங்களை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றை உயர் மின்னழுத்தக் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்து, மற்றவற்றை மூடிவிட வேண்டும் என்பது திட்டம். 1926இல் சட்டம் வந்தது. மத்திய மின்சார சபை உருவானது. மின்னழுத்தம் 132,000 வோல்ற்று, மீடிறன் 50 ஹேர்ட்ஸ் என்று முடிவானது.

இங்கே ஒரு விசயம். மேர்ஸ் தன் கையால் கட்டியெழுப்பிய வடகிழக்கு வலையமைப்பு ஓடியது 40 ஹேர்ட்ஸில். தேசம் முழுவதும் ஒன்றாக வேண்டுமென்றால், எல்லாரையும்விட முன்னுக்கு நின்ற அவருடைய சொந்த ஊர்தான் பெரிய அளவில் மாற வேண்டியிருந்தது. மோட்டர்களை மாற்றவும் பிறப்பாக்கிகளைத் திருத்தவும் பெருஞ்செலவு. வடகிழக்கு மாறியது. ஒற்றுமை பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பலரை நாங்கள் பார்த்திருக்கிறோம். தங்கள் மீடிறனை மாற்றியவர்களைக் குறைவாகவே பார்த்திருக்கிறோம்.

இனி நிலத்துக்கு வருவோம். முதல் திட்டம் மத்திய ஸ்கொட்லாந்தில். 1928 யூலை 14ஆம் திகதி எடின்பேர்க்குக்கு மேற்கே முதலாவது உருக்குக் கோபுரம் நிமிர்த்தப்பட்டது. கோபுரத்தின் உருவத்தைத் தெரிவுசெய்யும் பொறுப்பு ரெஜினோல்ட் புளொம்பீல்ட் என்ற கட்டடக்கலைஞருக்குக் கொடுக்கப்பட்டது. பெல்ஜியத்தில் காணாமல் போன படைவீரரின் பெயர்கள் பொறித்த மெனின் வாயிலைக் கட்டியவர் அவர். இன்றும் நெடுஞ்சாலையில் போகும்போது இரு பக்கமும் கைகளை நீட்டி நிற்கும் அந்தப் பின்னல் கோபுரங்கள் அவர் தெரிந்தெடுத்த அமெரிக்க வடிவத்தின் பிள்ளைகள்தான்.

கம்பியின் பாதையை வகுப்பவர் வரைபடத்தில் இரு நிலையங்களுக்கு இடையில் முதலில் நேர்கோடு போடுவார். நேர்கோடுதான் மலிவு. நேராகப் போகும் வரிசையில் ஒரு கோபுரத்தைக் கம்பி இரு பக்கமும் சமமாக இழுக்கிறது, ஆகவே கோபுரம் கம்பியின் பாரத்தையும் காற்றையும் தாங்கினால் போதும். பாதை திரும்பும் இடத்தில் இழுவை ஒரு பக்கமாகச் சரியும். அந்த மூலைக் கோபுரத்துக்கு அதிக உருக்கு, அதிக கொங்கிறீற்று, அதிக காசு. ஒரு தோட்டக்காரர் மாட்டேன் என்றால் கம்பி அவரைச் சுற்றிப் போகும். சுற்றிப் போவதற்கு ஒரு மூலை போதாது, விலகி, திரும்பி, மீண்டும் வழிக்கு வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு விலை இருந்தது, அந்த விலை அதிகாரிகளின் கையிலிருந்த தாளில் எழுதப்பட்டிருந்தது. நேர்கோட்டில் ஊர் இருக்கும், தேவாலயம் இருக்கும், விமான ஓடுதளம் இருக்கும், வெட்டக்கூடாத காடு இருக்கும். ரயில் பாதையைக் கூடியவரை குறுக்காகக் கடக்க வேண்டும். வெயிலில் கம்பி தொய்யும், தொய்ந்தாலும் வைக்கோல் ஏற்றிய வண்டிக்கு எட்டாத உயரத்தில் நிற்க வேண்டும். இப்படித்தான் நேர்கோடு மெல்ல மெல்ல வளைந்து ஒரு பாதையாகிறது.

அதன் பிறகு அனுமதி வாங்கும் அதிகாரிகள் படலை படலையாகப் போனார்கள். கென்ற் கிழவரின் தகப்பனார் கையெழுத்து வைத்தது அவர்களில் ஒருவரிடம்தான். சம்மதிக்காதவர்கள் அமைச்சர் வரை போய்த் தங்கள் நியாயத்தைச் சொல்லலாம். ஆனால் முடிவில் அமைச்சர் அனுமதித்தால் கம்பி போகும். கேட்டார்கள் என்பது உண்மை. மறுக்க முழு உரிமை இருந்தது என்பது உண்மை இல்லை. அந்தக் கடிதத்தை முதலில் பார்த்தபோது எங்களுக்கு இருந்த மயக்கம் இதைப் படித்ததும் கொஞ்சம் தெளிந்தது. என்றாலும் கேட்டல், பதிவு, விசாரணை, வருடக் காசு என்ற நான்கும் இல்லாமல் நிலத்தை இழந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் சின்ன வித்தியாசமாகத் தெரியாது.

பெரிய சண்டை இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸ் குன்றுகளில் நடந்தது. 1929இல் அந்தப் பசும்புற்குன்றுகளுக்கு மேலால் கம்பி போகப் போகிறது என்றதும் எழுத்தாளர் கிப்ளிங், பொருளியலாளர் கெய்ன்ஸ் போன்ற பெரிய தலைகளே எதிர்த்தார்கள். நிலத்துக்கடியில் பதியுங்கள் என்றார்கள். அதற்குச் செலவு பல மடங்கு, அந்தச் செலவு மின்கட்டணமாக எல்லார் தலையிலும் விழும் என்று சபை பதில் சொன்னது. அமைச்சர் ஹேர்பேர்ட் மொறிசன் கம்பியின் பக்கம் முடிவெடுத்தார். எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வானத்தின் விளிம்பில் கோபுரம் நிறுத்தாதே, மரத்தையோ மலையையோ பின்னணியாக வைத்து மறை, தேவையில்லாமல் வளையாதே என்ற விதிகளை வில்லியம் ஹோல்பேர்ட் எழுதி வைத்தது 1959இல்தான்.

இன்னொரு நியாயம் அதிகம் பேசப்படவில்லை. 132,000 வோல்ற்றுக் கம்பியில் இருந்து ஒரு வீட்டுக்கு விளக்கு எரிக்க முடியாது. அதை இறக்கித்தரும் உபநிலையம் வேண்டும், அங்கிருந்து சின்னக் கம்பிகள் வேண்டும். ஆகவே கோபுரத்துக்குக் காணி கொடுத்த கமக்காரர்கள் பலரின் வீடுகளில் பல வருடங்களாக மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. எங்கள் கிழவர் தானும் சிறுவனாக அந்த விளக்கில் படித்ததாகவும், யன்னலால் பார்த்தால் கோபுரம் தெரியும் என்றும் சொன்னார். இலங்கையின் மலையகத்திலும் இதுதான் நடந்தது. லக்சபானாவில் எடுத்த மின்சாரம் தோட்டங்களுக்கு மேலால் கொழும்புக்குப் போனது. கீழே லயன் காம்பராக்களில் தலைமுறைகளாகக் குப்பிவிளக்கு. வருடக் காசு தருகிறோம் என்று அந்தத் தொழிலாளரிடம் கேட்க அவர்களுக்குச் சொந்தக் காணியும் இருக்கவில்லை.

1933 செப்ரெம்பரில் கடைசிக் கோபுரம் தெற்கே நியூ பொறஸ்ற் பகுதியில் நிமிர்ந்தது. ஏறத்தாழ 26,000 கோபுரங்கள், 4,000 மைல் கம்பி. தேம்ஸ் நதியைக் கடக்க டகனத்தில் கப்பல் பாய்மரங்களுக்கு எட்டாதபடி 487 அடி உயரக் கோபுரங்கள் கட்டினார்கள். நாடு முழுவதையும் ஒரே வலையாக ஓட்டுவது முதலில் திட்டத்தில் இல்லை, பிரதேசம் பிரதேசமாகத்தான் ஓட்டினார்கள். 1937 ஒக்ரோபரில் ஓர் இரவு, கட்டுப்பாட்டு அறைகளில் இரவு வேலை செய்த பொறியியலாளர்கள் மேலிடத்தைக் கேட்காமல் எல்லாப் பிரதேசங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. அடுத்த வருடத்தில் இருந்து அதுவே வழமையானது.

பிறகு போர் வந்தது. லண்டனின் மின் நிலையங்களில் குண்டு விழுந்தபோது தென் வேல்ஸில் இருந்தும் மற்ற இடங்களில் இருந்தும் கம்பி வழியாக மின்சாரம் வந்தது. ஒரு கோபுரம் விழுந்தால் வேறு பாதையால் சுற்றி வரும். 1914இல் ஒரு நகரசபை அடுத்த நகரசபைக்குக் கொடுக்க வழியில்லாமல் இருந்த அதே நகரம்தான்.

1940 ஒக்ரோபர் 14ஆம் 15ஆம் திகதிகளுக்கு இடைப்பட்ட இரவில் லண்டனில் கடுமையான குண்டுவீச்சு. அன்று மாலையில்தான் பாலம் சுரங்க ரயில் நிலையத்தில் குண்டு விழுந்தது. ரூட்டிங் போகிற எங்கள் ஆட்கள் தினமும் தாண்டிப்போகும் நிலையம் அது. அந்த இரவில் கென்சிங்ரனில் மெல்பரி வீதியில் இருந்த மேர்ஸின் வீட்டிலும் குண்டு விழுந்தது. அறுபத்தாறாவது பிறந்தநாள் கழிந்து பத்து நாள்தான். மகளும் மகனும் அவரோடு இறந்தார்கள். மனைவி மட்டும் தப்பினார்.

அந்தக் குண்டைப் போட்ட விமானம் அவருடைய முன்னோரின் நாட்டுடையது. பதுங்குகுழி வெட்டி, ஜாம்போத்தல் விளக்கில் படித்து, விமானச் சத்தத்தை வைத்தே அதன் வகை சொல்லப் பழகிய எங்களுக்கு, தப்பிய அந்தத் தாயை நினைக்காமல் இந்த வரலாற்றைக் கடந்துபோக முடியவில்லை. அவரைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக இரண்டு வரிதான் எழுதுகிறார்கள். நாங்களும் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறோம்.

கென்ற் கிழவர் காலமாகிவிட்டார். தோட்டம் பேத்தியின் பெயருக்கு மாறியது. வேலீவ் தொகையையும் அவர் பெயருக்கு மாற்றிக் கடிதம் எழுதிக் கொடுத்தோம்.

நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மேர்ஸ் கோர்ட் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. எங்கள் நண்பர் ஒருவரின் மகன் அங்கேதான் மின்பொறியியல் படித்தான். மூன்று வருடம் அந்தப் படியில் ஏறி இறங்கியவனிடம் மேர்ஸ் யார் என்று கேட்டோம். யாரோ காசு கொடுத்த யேர்மன்காரராக இருக்கும் மாமா என்றான். தேத்தண்ணீர் ஆறும் வரை அவனை இருத்தி இந்தக் கதையைச் சொன்னோம்.